கடும் நோயுள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு

பாலியேட்டிவ் கெயார், அதாவது அவதியைத் தணிக்கிற பராமரிப்பு, என்று டொக்டர் சொன்னதுமே எங்கள் ஆட்கள் பலர் "கைவிட்டிட்டினம்" என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே பயம், பிள்ளையோ இரவிரவாக நோவில் கிடக்கும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். புற்றுநோய், தசை கரையும் நோய், திருத்த முடியாத இதய நோய், பிறப்பிலேயே வந்த மூளைப் பாதிப்பு என்று எதுவாக இருந்தாலும், நோய் இன்னதென்று தெரிந்த நாளிலேயே அவதியைத் தணிக்கிற பராமரிப்பும் தொடங்க வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே அதுவும் சேர்ந்து நடக்கலாம்.

ஆகவே அடுத்த கிளினிக்கில் மூன்று விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள். நோவுக்கு என்ன தரப்போகிறீர்கள், நடு இரவில் கூடினால் யாரைக் கூப்பிடுவது, எந்த அறிகுறியைக் கண்டால் உடனே கொண்டுவர வேண்டும். டொக்டர் அவசரத்தில் இருப்பார், இருந்தாலும் கேளுங்கள். பதிலை அங்கேயே எழுதுங்கள்.

எழுதுவதற்கு ஒரு கொப்பி போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்கு என்ன மருந்து, எவ்வளவு, நோ எப்படி இருந்தது, நித்திரை கொண்டதா, மலம் போனதா, அவ்வளவுதான். இது ஏன் முக்கியம் என்றால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஒரே ஆஸ்பத்திரியில் நிற்பதில்லை. பெரியாஸ்பத்திரி, தெல்லிப்பழை, பிறகு இரவு பஸ் ஏறிக் கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி அல்லது லேடி றிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி என்று அலைகிறார்கள், ஒவ்வொரு இடத்திலும் புது முகம் முதலில் இருந்து கதை கேட்கும். ஆஸ்பத்திரியால் விடும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இன்னொருவரின் போனிலும் போட்டு வையுங்கள். கொழும்புக்குப் போகும்போது சிங்களம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட வந்தால் பெரிய உதவி. பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் கொஞ்சம் தெரியும் என்பதற்காக நோயாளிப் பிள்ளையையே மொழிபெயர்க்க விடாதீர்கள். தன் வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொன்னதைத் தானே அம்மாவுக்குச் சொல்லவேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.

இனி நோவு. குழப்படி இல்லாமல் பேசாமல் கிடக்கிற பிள்ளைக்கு நோ இல்லை என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம், சில பிள்ளைகள் அசைந்தால் நோகும் என்பதாலேயே அசையாமல் கிடக்கிறார்கள். ஓரளவு வளர்ந்த பிள்ளையிடம் 0 முதல் 10 வரை எவ்வளவு என்று கேட்கலாம், அல்லது சிரிக்கிற முகத்தில் இருந்து அழுகிற முகம் வரை வரைந்து காட்டித் தொடச் சொல்லலாம். கதைக்க முடியாத பிள்ளையென்றால் முகம் சுருங்குகிறதா, காலை மடக்கி இழுக்கிறதா, உடம்பு விறைக்கிறதா, தூக்கி வைத்தாலும் அழுகை அடங்கவில்லையா என்று பாருங்கள். இதில் அம்மாவின் கண்ணைவிட நல்ல அளவுகோல் இல்லை, "ஏதோ வித்தியாசமாக இருக்கிறது" என்று அம்மா சொன்னால் அதையும் கொப்பியில் எழுதுங்கள்.

எந்நேரமும் இருக்கிற நோவுக்கு மருந்தை மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். நோ ஏறி உச்சத்துக்குப் போன பிறகு அதை இறக்குவது கஷ்டம், மருந்தும் கூடத் தேவைப்படும். முதலில் பரசிற்றமோல் போன்றவை, அதற்கு அடங்காவிட்டால் மோர்பின், பிள்ளைகளுக்கு இதுதான் படி. அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது, அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன அளவைக் கொடுக்கவேண்டாம், ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை பார்க்கச் சொல்லுங்கள். அஸ்பிரின் கூடாது. ஐபுபுரோபனை டொக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். டெங்கு நேரத்திலும், கீமோவால் இரத்தவட்டு (பிளேட்லெட்) குறைந்த பிள்ளைக்கும் அது இரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

மோர்பின் என்றதும் பழகிவிடும், அடிமையாகிவிடும் என்று அப்பம்மா தொடக்கம் வெளிநாட்டு மாமா வரை எல்லாரும் தடுப்பார்கள். நோவுக்காக டொக்டர் அளந்து தருகிற மோர்பினைப் பற்றி அந்தப் பயம் தேவையில்லை. தெரிந்திருக்க வேண்டியவை வேறு. மலச்சிக்கல் அநேகமாக வரும், ஆகவே மலமிளக்கி மருந்தும் கூடவே எழுதித் தந்தார்களா என்று பாருங்கள். முதல் சில நாள் கூட நித்திரை வரும், பிறகு தெளியும். இடையில் திடீரென்று நோ வெடித்தால் கொடுக்க மேலதிக அளவு எவ்வளவு என்று கேட்டு வையுங்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். எழுப்பினாலும் எழும்பாமல் மூச்சு மிக மெதுவாக வந்தால் உடனே ஆஸ்பத்திரி. போத்தல் பூட்டிய அலுமாரிக்குள் இருக்கட்டும்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்: கீமோ எடுக்கிற பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் பனடோலைக் கொடுத்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இரவே கொண்டுபோங்கள். வாகனம் இல்லையா, 1990 க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸ் இலவசம்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். மூச்சு வாங்கினால் தலையணை வைத்து நிமிர்த்தி இருத்துங்கள், யன்னலைத் திறந்து மின்விசிறிக் காற்று முகத்தில் படும்படி விடுங்கள். எழும்ப முடியாத பிள்ளையை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள், வாயையும் சொண்டையும் ஈரமாக வைத்திருங்கள். சாப்பாட்டில்தான் எங்கள் வீடுகளில் சண்டையே. பசி போவது நோயின் வேலை, அம்மா சமைத்ததில் குறை இல்லை, வாயில் திணித்தால் ஓங்காளிப்பும் பயமும்தான் மிஞ்சும். நாலு கரண்டி கஞ்சி, கொஞ்சம் சொதியில் நனைத்த இடியப்பம், வாய்ப்புண் என்றால் ஐஸ்கிறீம், கேட்கிற நேரத்தில் கேட்கிற அளவு போதும். சிறுநீரக நோயுள்ள பிள்ளைக்கு மட்டும் டொக்டரைக் கேட்காமல் இளநீர் கொடுக்கக்கூடாது, அதில் பொட்டாசியம் கூட.

சரி, பிள்ளைக்கு என்ன சொல்வது? அநேகமான பிள்ளைகளுக்கு ஏற்கனவே ஏதோ தெரியும். அறைக்கு வெளியே குசுகுசுத்ததும் அம்மாவின் வீங்கிய கண்ணும் போதும். "நான் சாகப்போறனோ?" என்று கேட்டால் "விசர்க்கதை கதையாதை" என்று வாயை அடைக்காதீர்கள். "ஏன் குஞ்சு அப்பிடிக் கேக்கிறீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருங்கள். சில பிள்ளைக்கு ஊசிதான் பயம், சில பிள்ளைக்கு இரவில் தனியே விட்டுவிடுவார்களோ என்று பயம், எது என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம். பொய் வேண்டாம், கேட்ட அளவுக்கு உண்மை போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் செத்தவர் திரும்பி வரமாட்டார் என்பது இன்னும் விளங்காது. அந்த வயதில் சாவை "நித்திரை கொண்டிட்டார்" என்று சொன்னால் தானும் நித்திரைக்குப் போகப் பயப்படும்.

பார்க்க வருகிற ஆட்களை ஒழுங்குபடுத்த ஒருவரை வையுங்கள், சித்தியோ மாமாவோ, கொஞ்சம் முகத்துக்கு நேரே பேசக்கூடியவராக. "ஆர் செய்த பாவமோ" என்று கட்டிலடியில் நின்று சொல்கிறவர்களை விறாந்தையோடு அனுப்ப வேண்டும். சந்நிதிக் கோயிலுக்கு நேர்த்தி வைப்பதில் எந்தத் தடையும் இல்லை, அது வீட்டாருக்குத் தெம்பு. ஆனால் யாரோ தந்த குளிசையையும் கசாயத்தையும் டொக்டருக்குச் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

கூடப்பிறந்த பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். புலமைப்பரிசில் வகுப்பில் இருக்கிற தம்பி, தான் அடித்ததால்தான் அக்காவுக்கு வருத்தம் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அவனுடைய பிழை இல்லை, அது தொற்றாது என்று சொல்லுங்கள், தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு சின்ன வேலையையும் அவனுக்குக் கொடுங்கள்.

அம்மா ஒரே ஆளாக எல்லா இரவும் முழித்திருக்கக்கூடாது. முறை போடுங்கள், அப்பாவும் ஒரு முறை எடுக்கட்டும். "என்ன உதவி வேணும்?" என்று கனடாவிலிருந்து கேட்டால் "ஒண்டும் வேண்டாம்" என்று சொல்லாதீர்கள், கிளினிக் வான் காசு, மாதப் பம்பேர்ஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள், அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணத்தையும் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியையும் அங்கே விசாரியுங்கள். மனம் உடைந்துபோனால் 1926 க்கு அழைத்துக் கதைக்கலாம், அது அரசாங்கத்தின் மனநல உதவி இலக்கம்.

கடைசிக் காலம் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்பதையும் முன்கூட்டியே டொக்டரோடு கதையுங்கள், கடைசி நிமிடத்தில் ஓட்டோ பிடித்து ஓடுகிற நிலையைத் தவிர்க்கலாம். பிள்ளைக்கு என்ன ஆசை என்று கேளுங்கள், நல்லூர்த் திருவிழாவோ வகுப்புப் பிள்ளைகளோ, அதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள். உறவினர்களுக்கு ஒன்று: பிள்ளை போய்விட்டால் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள், நீங்கள் அதற்குப் பிறகு போங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள், மிஞ்சிய மோர்பினை ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கிற வேலையை நீங்களே எடுத்துச் செய்யுங்கள்.