தேடல் சொல்லில் வரும் குறிகளை வெட்டி எறியாதீர்கள்

தேடல் பெட்டியில் ஒருவர் கோவிட்-19 என்று தட்டுகிறார். எஸ்கியூலைட் தரவுத்தளத்தின் உரைத் தேடல் பகுதியான எஃப்டிஎஸ்5, '19' என்ற பெயரில் நெடுவரிசை இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது. கழித்தல் குறிக்கு அடுத்து வருவதை அது நெடுவரிசைப் பெயராக எடுத்துக்கொள்வதுதான் காரணம்.

"பாராமீட்டராகத்தானே, அதாவது வினவலோடு ஒட்டாமல் தனி மதிப்பாகத்தானே, அனுப்பினேன்?" என்று பலர் கேட்பார்கள். பாராமீட்டர், பயனர் தட்டியது கட்டளையாக ஓடிவிடும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனைத் தடுக்கும், அது கட்டாயம் வேண்டும். ஆனால் பயனர் தட்டிய சரத்துக்குள் தேடலுக்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. அதை பாராமீட்டர் தொடாது.

அடுத்து செய்வதுதான் பெரிய தவறு: எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவங்களைக் கண்டுபிடிக்கும் கோவை) போட்டு நீக்குவது. சி++, சி# இரண்டும் வெறும் சி ஆகிவிடும். தமிழுக்கு நேர்வது இன்னும் மோசம். யூனிகோடில் புள்ளியும் கொம்பும் காலும் 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கின்றன. அதனால் பல், பலா, பலி மூன்றும் 'பல' என்று சுருங்கும். பல் வலிக்கு மருந்து தேடியவருக்குப் பலாப்பழம் வந்து நிற்கும். நீக்கியே ஆக வேண்டுமென்றால் குறி வகையையும் விட்டுவைக்கும்படி ரெஜெக்ஸை எழுதுங்கள்.

நீக்குவதைவிடப் பொதிவது நல்லது. எஃப்டிஎஸ்5-இல் ஒவ்வொரு சொல்லையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள்; உள்ளே மேற்கோள் இருந்தால் அதை இரண்டாக்குங்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் பயனர் தட்டியதை நேராக, அதைத் தேடல் வினவலாக மாற்றும் டு_டிஎஸ்குவரிக்குக் கொடுத்தால் இரண்டு சொற்களுக்கு நடுவில் வரும் வெற்று இடைவெளிகூடப் பிழையாகும். பதிப்பு 11-இல் வந்த வெப்சர்ச்_டு_டிஎஸ்குவரி எதைக் கொடுத்தாலும் இலக்கணப் பிழை தராது. எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளில், தனி இலக்கணத்தோடு எழுதும் குவரி_ஸ்ட்ரிங் வினவலைப் பொதுப் பயனரிடம் விடாதீர்கள். அதில் <, > இரண்டையும் பின்சாய்கோடு போட்டும் காப்பாற்ற முடியாது. சாதாரணத் தேடல் பெட்டிக்கு அந்த இலக்கணம் இல்லாத மேட்ச் குவரியே போதும்.

இவ்வளவு செய்தும் பலாப்பழம் வருகிறதா? அப்படியானால் தேடுவதற்காகச் சொற்கள் பதிந்திருக்கும் இண்டெக்ஸைப் பாருங்கள். எஃப்டிஎஸ்5-இன் இயல்பான டோக்கனைசரான (உரையைச் சொற்களாகப் பிரிக்கும் பகுதி) யூனிகோட்61-உம் குறி வகையைப் பிரிப்பானாகவே கருதுகிறது. வினவல் சரியாக இருந்தாலும் உள்ளே பதிந்திருப்பது 'பல' மட்டும்தான். டேபிளை உருவாக்கும்போதே அதன் கேட்டகரீஸ் அமைப்பில் எம்என், எம்சி என்ற குறி வகைகள் இரண்டையும் சேர்க்க வேண்டும். பழைய டேபிளில் இதை மாற்ற வழியில்லை. புதிதாக உருவாக்கி, தரவை மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.