கல்லூரியின் நிறுவன நாள்: முதல் முறை நடத்துபவர்களுக்கு

கல்லூரி தொடங்கிய நாளைக் கொண்டாடும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? மேடை, பேனர், சிறப்பு விருந்தினர் எல்லாவற்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த விழாவுக்கு உயிர் அந்தத் தொடக்கக் கதைதான். அது கையில் இல்லாவிட்டால் இது இன்னொரு ஆண்டு விழா, அவ்வளவுதான்.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

அனுமதி கிடைத்த நாள், அடிக்கல் நாட்டிய நாள், முதல் வகுப்பு நடந்த நாள் எல்லாம் பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். அமெரிக்காவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி, அரச சாசனம் கிடைத்த 1693 பிப்ரவரி 8-ஐக் கணக்கில் வைத்துக் கொண்டாடுகிறது. மவுண்ட் ஹோலியோக் கல்லூரிக்குச் சாசனம் கிடைத்தது 1836-ல். ஆனால் அங்கே நிறுவனர் நாள், மாணவிகளுக்குக் கதவு திறந்த 1837 நவம்பர் 8-ஐ ஒட்டி வருகிறது. இரண்டு முறையும் சரிதான். என்னைக் கேட்டால் முதல் வகுப்பு நாளைத்தான் சொல்வேன். மாணவர்கள் வந்து உட்கார்ந்த பிறகுதானே அது கல்லூரி!

ஆண்டுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 1976-ல் தொடங்கிய கல்லூரிக்கு 50-ஆம் கல்வியாண்டு 2025-ல் தொடங்கும். 50 ஆண்டு நிறைவு 2026-ல். அழைப்பிதழில் எதைப் போடுகிறீர்கள் என்று அச்சுக்குப் போகும் முன்பே முதல்வரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: கதையைத் தேடுங்கள்

அதிக நேரம் இதற்குத்தான் வேண்டும். இரண்டு மாதமாவது ஒதுக்குங்கள். அலுவலக அலமாரியின் அடித்தட்டில் முதல் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஆண்டு மாணவர்களின் பெயர்கள் ஒரே பக்கத்தில் இருக்கும், ஒரே கையெழுத்தில், பழுப்பேறிய மையில். அந்தப் பக்கத்தைவிடப் பெரிய அலங்காரம் உங்கள் மேடைக்குக் கிடைக்காது.

பழைய படங்களை ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். பின்னால் பிரிக்க முடியாது. பின்புறம் குறிப்பு எழுத மென்மையான பென்சில் போதும். பந்துமுனைப் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழுந்துவிடும். 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து வைத்தால் பெரிதாக அச்சடிக்கவும் உதவும்.

அப்புறம், ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் ஊழியர்களையும் போய்ப் பாருங்கள். "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுத்து, "ஜன்னல் பக்கம் நிற்பவர் யார், சார்?" என்று கேளுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது. அவர் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள்.

படி 3: நிகழ்ச்சி நிரல்

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். விருந்தினருக்கு 15 நிமிடம் என்று அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிடலாம். கல்லூரியில் முதன்முதலில் சேர்ந்த மாணவர்களின் பெயர்களை இன்றைய முதலாண்டு மாணவர் ஒருவர் வாசிக்கட்டும், ஒன்றையும் விடாமல். பெரிய கல்லூரிகளால் இதைச் செய்ய முடியாது. சிறிய கல்லூரிக்கு மட்டுமே வாய்க்கும் பேறு இது.

படி 4: ஒத்திகை

முந்தைய நாள் மைக்கைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து சோதியுங்கள். மூத்தவர்களுக்குப் படி ஏறாத இடத்தில் நாற்காலி போடுங்கள்.

படி 5: விழா நாளில் ஒரு மேசை

யார் யாரென்று தெரியாத படத்தின் நகலில் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு எண் போட்டு, பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வையுங்கள். வந்தவர்களில் யாராவது கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, ஏழாம் எண்ணுக்கு நேரே ஒரு பெயரை எழுதுவார். விழா முடிந்ததும் அந்தத் தாளைப் படத்தோடு சேர்த்து, தேதி குறித்து, பதிவேடு இருந்த அதே அலமாரியில் வைத்துவிடுங்கள்.