வீடு காட்டுவது மட்டும் தரகு இல்லை

"விளம்பரம் இணையத்தில் இருக்கிறது, வீட்டுக்காரர் நம்பரும் இருக்கிறது, நடுவில் நீங்கள் எதற்கு?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நியாயமான கேள்விதான். கதவைத் திறந்து வீட்டைக் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால் இரண்டு சதவீத கமிஷன் அநியாயம். திருச்சியில் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். என்னைப் பொறுத்தவரை தரகருக்குக் கொடுக்கும் பணம் ஒரு விஷயத்துக்குத்தான். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால் காகிதங்களைப் படித்துப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல வேண்டியதை வேண்டாம் என்று சொல்வது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்களும் படியுங்கள், தரகரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

முதலில் ஏரியா. ஊர் முழுக்க அலையாதீர்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று ஏரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். தில்லை நகரில் ஒரு கிராஸ் தள்ளினால் விலை எப்படி மாறுகிறது, உறையூரில் எந்தத் தெருவில் கார் திரும்பாது, கே.கே. நகரில் எங்கே போர் தண்ணீர் உப்பு, இதெல்லாம் நடந்தால்தான் தெரியும். டீக்கடையிலும் இஸ்திரி வண்டியிலும் நின்று பேசுங்கள். ஒரு வீடு காலியாகப் போகிறது என்பது வீட்டுக்காரர் விளம்பரம் கொடுப்பதற்கு முன்னாலேயே இஸ்திரி போடுபவருக்குத் தெரிந்திருக்கும். கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் பக்கம் உள்ள நகர்களை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும்.

பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025-ல் திறந்ததிலிருந்து, சுற்றுவட்டார மனை விளம்பரங்களில் எல்லாம் "முனையத்திலிருந்து ஐந்தே நிமிடம்" என்று போடுகிறார்கள். நீங்கள் வண்டியில் போய்ப் பார்த்து, உண்மையான நேரத்தை பார்ட்டியிடம் சொல்லுங்கள். அந்த மாதிரிச் சின்ன உண்மைகள்தான் அடுத்த பார்ட்டியை உங்களிடம் அனுப்பும்.

அப்புறம் காகிதம். இதில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

ஒரு சொத்து உங்கள் கைக்கு வந்ததும், போட்டோ எடுப்பதற்கு முன்னால் பத்திர நகல், மூலப் பத்திரம் (விற்பவருக்கு முன் சொத்து கைமாறிய பழைய பத்திரம்), பட்டா மூன்றையும் வாங்குங்கள். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கத்தை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. இணையத்தில் வராத பழைய வருடங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, இந்த ஐந்தும் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பத்திரத்தில் 2400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு என்று இருக்கும். பட்டாவில் ஐந்து சென்ட் என்று இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்படியென்றால் ஐந்து சென்ட் 2178 தான். மீதி 222 சதுர அடி ரோட்டுக்குப் போனதா, பக்கத்து வீட்டுச் சுவருக்குள் இருக்கிறதா? சர்வே எண்ணின் அளவுகள் உள்ள புலப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தால்தான் தெரியும். பல பேர் பெயரில் உள்ள கூட்டுப் பட்டா என்றால் மற்ற பெயர்கள் யார் என்று கேட்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால் சொத்து சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில் வராது. எல்லா கோர்ட் வழக்கும் வராது. ஒரிஜினல் பத்திரத்தை வட்டிக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா கைநீட்டிப் பணம் வாங்கியிருந்தால் அதுவும் வராது. அதனால்தான் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். "லாக்கரில் இருக்கிறது, பதிவன்றைக்குக் கொண்டுவருகிறேன்" என்றால், சரி, அதைப் பார்த்த பிறகு அட்வான்ஸ் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஊரில் ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே அடிமனைப் பிரச்சினை இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் வீடுகளின் மனையைக் கோயில் தனக்கு உரியது என்கிறது. வீடு பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவாக வரும், பதிவு நடக்காது. ஸ்ரீரங்கத்தில் எந்த வீடு வந்தாலும் முதல் கேள்வி அதுதான். மற்ற இடங்களிலும் கோயில் நிலம், வக்பு, பூமிதானம், பஞ்சமி நிலம் (தலித் மக்களுக்கு அரசு ஒதுக்கியது), நீர்நிலைப் புறம்போக்கு என்று சந்தேகம் வந்தால், நிலம் என்ன வகை என்று சொல்லும் ஏ பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் பார்க்காமல் யாரையும் கூட்டிப் போகாதீர்கள். பஞ்சமி நிலத்தை வாங்கித் தருவது இன்னொரு சமூகத்தின் வாழ்வாதாரத்தைப் பிடுங்கித் தருவது. அதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது.

மனை என்றால் அங்கீகாரம். 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்தத் தேதிக்கு முன் மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத மனைக்கு இப்போது பத்திரப் பதிவு கிடைக்காது. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் உள்ள புதிய திட்டம் என்றால் ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். அந்தத் திட்டத்தில் விற்றுக் கொடுக்கும் தரகருக்கும் ரெரா பதிவு வேண்டும். வாங்குபவர்களே, அந்த நம்பரைக் கேளுங்கள், தரகர் முகம் சுளித்தால் வேறு தரகரைப் பாருங்கள்.

இனி வாரிசு. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. உறையூரில் ஒரு வீட்டை விற்க அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்பா பெயரில் இருந்த வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார், அம்மாவும் இல்லை. வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர். மூன்றாவது யார் என்று கேட்டேன்.

"எங்க அக்காதான். கல்யாணத்துக்கே நகை போட்டு, சீர் செய்து அனுப்பிட்டோம். அவங்களுக்கு இதுல ஒண்ணும் இல்ல, மேடம்."

"அதை அவங்க வாயால சொல்லட்டும், தம்பி. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்."

புதுக்கோட்டையில் இருந்தார் அந்த அக்கா. வீடு விற்பனைக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. அழுதார். பணம் வேண்டாம், கேட்டிருக்கலாமே என்றுதான் அழுதார். தம்பிகளைக் கூட்டிப்போய் அவர் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தேன். பேச்சு முடிய மாலையாகிவிட்டது. கடைசியில் மூன்று பங்காகப் பிரித்து, மூவரும் ஒரே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வாங்கியவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் எனக்குக் கொடுத்த கமிஷன் அந்த மாலைக்குத்தான்.

இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லாமல் போனால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய் எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. "கட்டிக் கொடுத்துட்டோம்" என்பது சட்டத்தின் முன் நிற்காது. பங்கு வேண்டாம் என்று மகளே சொன்னாலும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.

திருச்சியில் விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பது சகஜம். தனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட, தம்பிக்கோ மச்சானுக்கோ பவர் பத்திரம் கொடுத்திருப்பார். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்தது. அதனால் வீடியோ காலில் அவரிடம் நீங்களும் வாங்குபவரும் பேசுங்கள், விலையை அவர் வாயால் சொல்லவையுங்கள், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான உயிர்ச் சான்றை மறக்காதீர்கள். பணம் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

சரி, இவ்வளவும் நீங்கள் பார்த்தாலும் நீங்கள் வக்கீல் இல்லை. வாங்குபவர் தன் செலவில் தனியாக ஒரு வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்கட்டும். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம். சித்தப்பா மகனிடமிருந்து, நாற்பது வருடமாகத் தெரிந்த வீட்டை வாங்குகிறவருக்குத் தரகரே வேண்டாம், வக்கீல் போதும். அப்படிக் கேட்டு வந்தவர்களை நானே அனுப்பியிருக்கிறேன்.

வீடு காட்டுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் மூன்று வீட்டுக்கு மேல் காட்டாதீர்கள், மனதில் நிற்காது. பிடித்த வீட்டை இரண்டாவது முறை காலையில் கூட்டிப்போங்கள், குழாயில் தண்ணீர் வருவதும் அப்போதுதான் தெரியும். குறையை நீங்களே முதலில் சொல்லுங்கள். பாட்டி ஈசானி மூலையைப் பற்றிக் கேட்டால் பொறுமையாகக் காட்டுங்கள், அந்த வீட்டில் விளக்கேற்றப் போவது அவர்தான்.

விலை பேசும்போது ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லை இன்னொருவரிடம் அப்படியே கொண்டுபோகாதீர்கள். தொகையை மட்டும் கொண்டுபோங்கள். இரண்டு தரப்பிலும் ஒரே விலையைச் சொல்லுங்கள். விற்பவர் நாற்பது லட்சம் கேட்க, வாங்குபவரிடம் நாற்பத்திரண்டு என்று சொல்லி நடுவில் இரண்டு லட்சம் மேல் வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது திருட்டு. எல்லாத் தரகர்களுக்கும் பெயர் கெட்டதற்கு அதுதான் காரணம்.

செலவை முதல் நாளே காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு அல்லது கிரயத் தொகை, எது அதிகமோ அதன் மேல். 30 லட்சம் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். இதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் குடும்பம் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்க ஓடும். 10 லட்சம் மதிப்பு வரை பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருந்து, விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால், வாங்குபவர் ஒரு சதவீதம் டிடிஎஸ், அதாவது விற்பவரின் வருமான வரிக்காகப் பிடித்துக் கட்ட வேண்டும். அட்வான்ஸை ரொக்கக் கட்டாகக் கையில் கொடுப்பதைத் தடுத்துவிடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சிக்கல் வரும். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யவையுங்கள், பதிவு செய்யாமல் முத்திரைத்தாளில் எழுதிவைத்ததை மட்டும் நம்பிக் கோர்ட்டுக்குப் போனால் சிக்கல்தான்.

கமிஷனையும் அதே முதல் நாளில் பேசிவிட வேண்டும். எங்கள் பக்கம் வாங்குபவரிடம் இரண்டு சதவீதம், விற்பவரிடம் ஒன்று அல்லது இரண்டு என்பது பழக்கம், வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகை. பேசினால் குறையும். வாட்ஸப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள், பதிவன்றைக்குத்தான் தருவார்கள் என்றும் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் வாங்குகிறீர்கள் என்றால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பட்டா மாறுதல், ஈபி பெயர் மாற்றம், மாநகராட்சியில் சொத்து வரி, தண்ணீர் வரிப் பெயர் மாற்றம் எல்லாம் பாக்கி இருக்கும். உட்பிரிவு உள்ள மனைக்கு சர்வேயர் வந்து அளக்கும் நாளில் நீங்களும் அங்கே நில்லுங்கள். புதுப் பட்டாவில் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் வந்திருக்கிறதா என்று பார்த்து, பிரிண்ட் எடுத்து அவர்கள் ஃபைலில் வைத்துக் கொடுங்கள்.