ஞானஸ்நானமும் அழைப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞானஸ்நானம் பெற்ற ஒருவரிடம் அவருடைய அழைப்பை, அதாவது தேவன் அவரை எதற்காக அழைத்திருக்கிறார் என்பதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு ஊழிய அழைப்பு எதுவும் இல்லையே" என்று தயங்கிச் சொல்பவர்களே அதிகம். கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்ற அன்றே அழைப்பும் தங்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஞானஸ்நானம் எல்லாருக்கும், அழைப்பு சிலருக்கு மட்டும் என்று பிரித்துவைப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் முளைக்கின்றன என்று நம்புகிறேன்.

முதலாவது, எல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம். வகுப்புக்குப் போனோம், ஞானஸ்நானம் எடுத்தோம், பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி என்ன என்ற நிம்மதி. இயேசு யோர்தானிலிருந்து கரையேறியதும் ஆவியானவர் அவரை உடனே வனாந்தரத்துக்கு அனுப்பினார் என்று மாற்கு எழுதுகிறார். அங்கே 40 நாட்கள் சோதனை. "நீர் என்னுடைய நேசகுமாரன்" என்ற குரலைக் கேட்டவருக்கே அப்படியென்றால், ஞானஸ்நானத்துக்குப் பிறகு சோதனை வந்ததும் "நான் எடுத்தது வீணோ" என்று கலங்கத் தேவையில்லை. ரோமர் 6-ஆம் அதிகாரத்தில் பவுல், கிறிஸ்துவோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று சொன்ன கையோடு, புதிய ஜீவனில் நடக்க வேண்டும் என்கிறார். அந்த நடை வாழ்நாள் முழுவதும் தொடர்வது.

அடுத்தது, தகுதி வரட்டும் என்று தள்ளிப்போடுவது. இது பழைய நோய். நான்காம் நூற்றாண்டில், ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவத்துக்கு அஞ்சிப் பலர் அதைத் தள்ளிப்போட்டார்கள். பேரரசர் கான்ஸ்டன்டைன் 337-இல் மரணப் படுக்கையில்தான் அதைப் பெற்றார். பின்னாளில் பெரும் இறையியலாளரான அகுஸ்தீன் சிறுவனாகக் கடும் நோயில் விழுந்தபோது தாய் மோனிக்கா அதற்கு ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்துக்கொண்டதும் அது ஒத்திவைக்கப்பட்டது. கடைசியில் 387-இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோஸ் கையால் பெற்றபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பழைய பாவத்தைக் கழுவுவதற்கு மட்டுமே ஞானஸ்நானம் என்று எண்ணினால் இப்படித்தான் தோன்றும். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரியோ தண்ணீரைக் கண்டதும், இனித் தடை என்ன என்று கேட்டார். பிலிப்பி பட்டணத்துச் சிறைக்காவலனும் அவன் வீட்டாரும் அந்த இரவிலேயே பெற்றார்கள்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். திருமணத்துக்காகவும், வீட்டாரின் நெருக்குதலுக்காகவும், சபையின் எண்ணிக்கைக்காகவும் அவசர அவசரமாகக் கொடுப்பது பெரும் தவறு. பழைய சபைகள் சிலவற்றில் மூன்றாண்டுகள் வரைகூடப் போதனை நடந்தது. கற்றுக்கொள்ள அவகாசம் கேட்பதும், நல்லவனாகிவிட்டு வருகிறேன் என்று காத்திருப்பதும் ஒன்றல்ல. முதலாவதைப் போதகர்கள் மறுக்கவே கூடாது.

விசுவாசம் சோர்ந்துபோகும்போதெல்லாம் மீண்டும் எடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுபவர்களும் உண்டு. கொடுத்த போதகர் பின்னாளில் தவறினார் என்பதற்காகக் கலங்குபவர்களும் உண்டு. சமாரியாவில் மாயவித்தைக்காரன் சீமோன் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான். பிறகு ஆவியின் வரத்தைப் பணம் கொடுத்து வாங்கப் பார்த்தான். பேதுரு அவனைக் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் மறுபடி தண்ணீரில் இறங்கச் சொல்லவில்லை; மனந்திரும்பி ஜெபிக்கச் சொன்னார். கொடுப்பவரின் தூய்மையைப் பொறுத்துத்தான் அது செல்லுமா என்ற வழக்கு வட ஆப்பிரிக்காவில், பிரிந்துபோன கிறிஸ்தவக் குழுவினரான தொனாத்தியரோடு எழுந்தபோது, அது கிறிஸ்துவுடையது, ஊழியருடையதல்ல என்று அகுஸ்தீன் வாதாடினார்.

முழுக்கா தெளிப்பா, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதில் சபைகள் உண்மையான மனச்சாட்சியோடு வேறுபடுகின்றன. குழந்தையாகப் பெற்றதை ஏற்காத சபைகளுக்கு, பெரியவரானபின் கொடுப்பது இரண்டாவது ஞானஸ்நானம் அல்ல, முதலாவது. அந்த விவாதத்தை இங்கே தீர்க்க முடியாது. அதை வைத்து மற்றவரை அரைக் கிறிஸ்தவர் என்று பேசுவது மட்டும் வேண்டாம். தொடக்ககாலத் திருச்சபையின் 'திதாக்கே' என்னும் போதனைத் தொகுப்பு ஓடும் நீரை விரும்பினாலும், தண்ணீர் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்கிறது.

இப்போது அழைப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் வேதனை தருவது இங்கே நடக்கும் தவறுதான். வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனவரே அழைக்கப்பட்டவர், மற்றவர்கள் காணிக்கை போட வந்தவர்கள் என்ற எண்ணம் பல விசுவாசிகளின் உள்ளத்தைக் குறுக்கிவிட்டது. லூக்கா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஞானஸ்நானம் பெற வந்தவர்கள் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று யோவான் ஸ்நானகனிடம் கேட்கிறார்கள். வரி வசூலிப்பவரை அவர் வேலையை விடச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகரிடம், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் போதும் என்றிரு என்றார். இரண்டு அங்கி இருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்றார். கணக்கில் பொய் எழுத மறுக்கும் எழுத்தர், நோயாளியிடம் பொறுமை இழக்காத செவிலியர், முதிய பெற்றோரைப் பராமரிக்கும் மகள் எல்லாரும் தங்கள் ஞானஸ்நானத்தின் அழைப்பில்தான் நிற்கிறார்கள். மார்ட்டின் லூத்தர் 16-ஆம் நூற்றாண்டில் இதை வலியுறுத்தினார். பரிசுத்தத்துக்கான அழைப்பு எல்லாருக்கும் உரியது என்று கத்தோலிக்கத் திருச்சபையும் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-இல், ஓர் ஆவணத்தில் ஓர் அதிகாரமே ஒதுக்கிச் சொன்னது. பவுல் அப்போஸ்தலராக இருந்துகொண்டே கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரத் தொழில் செய்தார்.

போதக ஊழியத்துக்கென்று தனி அழைப்பு இல்லை என்று இதற்குப் பொருளல்ல. அது உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தில் மனம் பொங்கிய இரவில் தனியாக முடிவெடுத்து மறுநாள் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். பர்னபாவும் சவுலும் (இவரே பவுல்) ஊழியத்துக்குப் பிரித்தெடுக்கப்பட்டபோது அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துக்கொண்டிருந்தது. சபையே கைகளை வைத்து அனுப்பியது. உங்களை நெருக்கமாக அறிந்தவர்கள், குறிப்பாக உங்கள் குறைகளை அறிந்தவர்கள், என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் துணைவரின் சம்மதம் உண்டா என்று பாருங்கள். சபையில் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும் சிறு பொறுப்பை ஓராண்டாவது உண்மையாகச் செய்து பாருங்கள். யாரும் பாராட்டாதபோதும் அதைத் தொடர முடிகிறதா என்று கவனித்துவிட்டு, பிறகு போதகரிடம் பேசுங்கள்.