கோடையில் அணைக்கட்டு மீன்பிடிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் டிசம்பர்தான் கோடை. பள்ளிகள் மூடியதும் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இனாண்டா, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ் அணைகளுக்குக் கிளம்பிவிடுகிறோம். பத்து மணிக்கு மேல் போய்ச் சேர்ந்து, சாப்பாட்டை முடித்துக்கொண்டு, உச்சி வெயிலில் தூண்டிலைப் போடுகிறோம். கோடையில் நடக்கும் முதல் தவறே இந்த நேரக்கணக்குதான்.

சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகத்தான் கரையும். சரி, ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்குமே என்று தோன்றும். ஆனால் கோடையில் அணைத் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கிறது. மேலடுக்கு கீழடுக்கோடு கலப்பதில்லை. அடியில் மக்கும் இலைதழை அங்கிருக்கும் கொஞ்சம் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகிறது. அதனால் வெயில் ஏற ஏற இன்னும் ஆழத்துக்கு வீசுவது பெரும்பாலும் வீண். விடியலிலும் பொழுது சாயும்போதும் கரையோரத்திலேயே மீன் மேயும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் மிட்மாரில் காலை மேய்ச்சல் சற்று நீளும். தாழ்வான இனாண்டாவில் சீக்கிரமே அடங்கிவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். உட்கார வசதி என்று காற்றில்லாத கரையைப் பிடிக்கிறோம். காற்று முகத்தில் அடிக்கும் கரையில்தான் அலை தண்ணீரைக் கலக்கிப் பிராணவாயு சேர்க்கிறது, தீனியையும் ஒதுக்கித் தள்ளுகிறது. கார்ப் கெண்டை அங்கேதான் வரும். அந்தக் கார்ப்புக்கு மீலி (மக்காச்சோள) மாவை உருண்டை உருண்டையாக வாரி இறைப்பது அடுத்த தவறு. வெந்நீர் போன்ற தண்ணீரில் மாவு சீக்கிரம் புளித்து, மீன் அந்த இடத்தையே விட்டு நகரும். கொஞ்சமாக, ஒரே இடத்தில், விட்டுவிட்டுப் போட்டால் போதும்.

பாஸ் மீன் நிழல் தேடும். பகலில் களை ஓரம், மூழ்கிய மரம், படகுத்துறை அடி என்று ஒளிந்திருக்கும்போது திறந்த வெளியில் செயற்கை இரையை வேகமாக இழுத்துப் பயனில்லை. ரப்பர் புழுவை நிழலுக்குள் விட்டு மெதுவாக அசைக்க வேண்டும். மழைக்குப் பின் தண்ணீர் செம்மண் நிறமானால் பாஸை விட்டுவிட்டு, ஓடை வந்து சேரும் இடத்தில் மண்புழு போட்டுப் பார்பல் கெளுத்தியைத் தேடுங்கள். காற்றையும் சுவாசிக்கக்கூடிய மீன் அது; கலங்கல் அதற்குப் பெரிய தடை இல்லை.

திலாப்பியா விஷயத்தில் கொஞ்சம் பொறுப்பு வேண்டும். தமிழ்நாட்டில் ஜிலேபி கெண்டை என்று பிடிக்கும் அதே மொசாம்பிக் திலாப்பியாவுக்கு நம் குவாசூலு-நட்டால் ஆறுகள்தான் சொந்த ஊர்களில் ஒன்று. கோடையில் பெண்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும், ஆண்மீன் ஆழமில்லாத இடத்தில் கூட்டைக் காக்கும். கூட்டின் மேல் நிற்கும் ஆணைத் தூண்டிலிட்டு எடுப்பது சுலபம்; சுலபம் என்பதற்காகச் செய்ய வேண்டாம். நைல் திலாப்பியாவோடு கலப்பினமாகி இந்த இனம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது. ஓர் அணையில் பிடித்த உயிர்மீனை வேறு அணையில் விடுவதும் அதே காரணத்தால் பெரிய தவறு.

களை மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் இறங்காதீர்கள். நத்தைகள் வழியே பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி நோய் தொற்றும். மத்தியான இடி கேட்டதும் தூண்டில் கம்பைக் கீழே வைத்துவிட்டு காருக்குள் போய்விடுங்கள். இன்றைய கம்புகள் பெரும்பாலும் கார்பன், மின்சாரம் அதில் பாயும். மீன் கடிக்கிறதே என்று இன்னும் ஐந்து நிமிடம் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பிடித்ததைத் திரும்ப விடுகிறவர்கள் மெல்லிய தூண்டில் நரம்பைத் தவிர்க்க வேண்டும். சூடான தண்ணீரில் நெடுநேரம் போராடிய மீன், நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகலாம். தடித்த நரம்பால் சீக்கிரம் கரை சேர்த்து, கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். சுடும் பாறையிலோ மணலிலோ கிடத்த வேண்டாம். படம் எடுப்பதானால் முதலில் கேமராவைத் தயாராக வைத்துவிட்டு, அப்புறம் மீனைத் தண்ணீரிலிருந்து தூக்குங்கள்.