உகந்தைக் காட்டுவழிக்கும் காலை ஓட்டத்துக்கும் நெஞ்சுப்பை தெரிவுசெய்யும் முறை

கதிர்காம ஆடிவேல் உற்சவத்துக்கு முன்னதாக உகந்தைமலை முருகன் ஆலயத்திலிருந்து குமண வனத்தினூடாகச் செல்லும் காட்டுப்பாதை திறக்கப்படும் நாட்கள் நெருங்கும்போது, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் பகுதிகளிலிருந்து பாத யாத்திரைக்குப் புறப்படும் அடியார்கள் அரிசி, பருப்பு, பாய், மாற்றுடை என்று முதுகுச்சுமையைக் கவனமாகக் கட்டிக்கொள்கின்றனர். நடந்துகொண்டிருக்கும்போதே கைக்கு எட்ட வேண்டிய பொருட்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. எனது முதல் யாத்திரையில் நானும் யோசிக்கவில்லை. வாகூரவெட்டை வெளியில், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நண்பகலில், எங்களோடு நடந்த வயதான அம்மா ஒருவருக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. நீரிழப்பைச் சரிசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக்கலவையான ஜீவனிப் பொட்டலம் என்னிடம் இருந்தது. ஆனால் அது முதுகுப்பையின் அடியில், அரிசிக்கும் கீழே கிடந்தது. சுடுமணலில் பையைக் கொட்டி அதைத் தேடி எடுத்த அந்தச் சில நிமிடங்களை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. அதன் பிறகு நெஞ்சுப்பை இல்லாமல் நான் காட்டுக்குள் போனதில்லை.

நெஞ்சுப்பை என்பது இரு தோள்களிலும் வார் மாட்டி, மார்பின் நடுவில் அல்லது அதற்குச் சற்றுக் கீழே இறுக்கமாக அமரும் சிறிய பை. ஒற்றை வாரில் குறுக்காகத் தொங்கும் பையையும் இடுப்பில் கட்டும் பையையும் சிலர் இதே பெயரால் அழைக்கின்றனர். நடைக்கு அவை ஓரளவு உதவினாலும் ஓட்டத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். மார்பில் அணியும் பை பிற நாடுகளில் பரவியதற்கு ஒரு காரணம் உண்டு. அலாஸ்கா போன்ற கரடிகள் வாழும் இடங்களில் பெரிய முதுகுப்பையோடு நடப்பவர்களுக்கு, அந்தப் பையின் இடுப்புப்பட்டி இடுப்பை முழுவதுமாக மறைத்துவிடுவதால், கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்து விரைவாக எடுக்க முடிவதில்லை. ஆகவே எந்தக் கையாலும் எடுக்கத்தக்க இடமாக மார்பைத் தெரிந்தெடுத்தனர். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது 1916ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றமாகும். தேசிய பூங்காவுக்குள் அதைக் கொண்டுசெல்வதை 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. நம் வழியில் அது தேவையும் இல்லை. எனினும் அந்த அமைப்பின் பின்னாலுள்ள எண்ணம் நமக்கும் பொருந்துகிறது: முதுகுச்சுமையை இறக்காமல், நடையை நிறுத்தாமல், எந்தக் கையாலும் உடனடியாக எடுக்க வேண்டிய பொருளுக்கு உரிய இடம் மார்புதான்.

இணையத்தில் பை தேடுபவர்களுக்குத் துப்பாக்கிக்கென்றே தைத்த பைகளும் கண்ணில் படும். உடலோடு ஒட்டிய பக்கத்தில் வெல்க்ரோ பதித்த விறைப்பான அறையும், ஒரே இழுப்பில் முழுவதும் திறந்துகொள்ளும் சிப்பும் இவற்றின் அடையாளங்கள். ஒரே இழுப்பில் திறப்பது நமக்குப் பாதகமானது. குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டும்போது பை திறந்து பொருட்கள் எல்லாம் மண்ணில் விழுந்துவிடும். வெல்க்ரோ பிரியும் சத்தமும் காட்டில் வேண்டாத ஒன்று, ஏனெனில் யானை அருகில் நிற்கக்கூடிய இடத்தில் அமைதியாக இருப்பதே பாதுகாப்பு. படையினரின் சீருடையை ஒத்த வண்ணக்கலவையில் வரும் பைகளை வாங்க வேண்டாம் என்று இளையவர்களிடம் நான் அழுத்தமாகச் சொல்வதுண்டு. கிழக்கில் வளர்ந்த நம்மவர்களுக்கு அதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

இனி அளவைப் பார்ப்போம். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் இருக்க யாராலும் முடியாது என்பதால், ஒன்றரை லீற்றர் முதல் இரண்டரை லீற்றர் வரை கொள்ளும் பையே நடைக்குப் போதும். அதனினும் முக்கியமானது தடிப்பு. பொருட்களை நிரப்பிய பிறகு பை மார்பிலிருந்து எட்டு சென்ரிமீற்றருக்கு மேல் முன்னே துருத்தினால், நடக்கும்போது உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. வேர்களும் முட்களும் சில வேளைகளில் பாம்பும் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் பாதம் தெரியாமல் நடப்பது பெரும் ஆபத்து. எடையைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் நடைக்கு ஒரு கிலோவும் ஓட்டத்துக்கு நானூறு கிராமும் மேல் எல்லை. அரை லீற்றர் தண்ணீரே அரைக் கிலோவாகி அந்த எல்லையைத் தாண்டிவிடுவதால், ஓடும்போது அவ்வளவு தண்ணீரை நெஞ்சுப்பையில் சுமப்பது சரிவராது.

நல்ல பையையும் வீண்பையையும் பிரித்துக் காட்டுவது வார்தான்; கடையில் பெரும்பாலான நேரத்தை அதைப் பார்ப்பதில் செலவிடுங்கள். தோள்வார்கள் முதுகில் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும் அமைப்பு, தோள் ஒடுங்கியவர்களுக்கு வார் வழுக்காமல் காக்கிறது. ஆனால் அந்தக் குறுக்குச் சந்தியில் தடித்த தோல்துண்டோ பிளாஸ்டிக் வளையமோ இருந்தால், முதுகுப்பை அதை முள்ளந்தண்டோடு அழுத்தி இரண்டாம் நாளே புண்ணாக்கிவிடும். அந்த இடத்தில் தட்டையான துணி மட்டுமே இருக்கும் பையாகத் தேடுங்கள். விலாவைச் சுற்றிவரும் பக்கவாரில் ஒரு சிறு பகுதியாவது இலாஸ்டிக்காக இருப்பது அவசியம். ஆழமாக மூச்சிழுக்கும்போது வளர்ந்தவர்களின் மார்பு நான்கைந்து சென்ரிமீற்றர் விரிகிறது. விரியாத வாரை இறுக்கிக் கட்டினால் மூச்சு முட்டும், தளர்த்திக் கட்டினால் பை குதிக்கும்.

பூட்டும் பக்கிள் எங்கே அமைந்திருக்கிறது என்பதையும் கேட்டுப் பாருங்கள். முதுகின் நடுவில் பக்கிள் உள்ள பையை, மேலே முதுகுப்பை அணிந்த பிறகு கழற்றவே முடியாது. குமுக்கன் ஆற்றில் இறங்கிக் கடக்கும்போது, கால் இடறினால் சுமையை உடனே விடுவிக்கக்கூடியதாக முதுகுப்பையின் இடுப்புப்பட்டியைக் கழற்றி வைத்துக்கொள்வது அறிந்தவர்களின் வழக்கம்; நெஞ்சுப்பைக்கும் அதே விதி பொருந்துவதால், பக்கிள் விலாப்பக்கத்தில், ஒரு கையால் அழுத்தித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முதுகுப்பையின் தோள்வார்களிலேயே கொக்கி மாட்டித் தொங்கவிடும் நெஞ்சுப்பைகளும் உண்டு. அவை இலகுவாகத் தோன்றினாலும், முதுகுச்சுமையை இறக்கி வைத்து ஆற்றுக்கோ மரநிழலுக்கோ போகும்போது நெஞ்சுப்பையும் சுமையோடு நின்றுவிடும். தனக்கென்று தனி வார் உள்ள பையை முதலில் அணிந்து, அதன் மேல் முதுகுப்பையை மாட்டுவதே நான் பரிந்துரைக்கும் முறை.

பெண்கள் பை வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் பொது அளவை நம்பாமல், அணிந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பை மார்பகத்தின் மேல் அழுத்தாமல் அதற்குக் கீழே, மேல்வயிற்றுப் பகுதியில் அமரும்படி தோள்வாரை நீட்ட முடிகிறதா என்பதே பார்க்க வேண்டியது. முடியாவிட்டால், இரு தோள்வார்களிலும் தனித்தனிச் சிறு பைகள் உள்ள ஓட்டச் சட்டை அவர்களுக்கு மேலும் வசதியாக இருக்கும். வேட்டியோடு வெற்றுடம்பில் நடக்கும் ஆண்களுக்கு வேறொரு தொல்லை உண்டு: வியர்வையில் நனைந்த நைலோன் வார் தோளையும் அக்குளையும் உரசித் தோலை உரித்துவிடும். மெல்லிய பருத்திச் சால்வையைத் தோளில் போட்டு அதன் மேல் வாரை மாட்டுவது எளிய தீர்வு. வார் படும் இடங்களில் வாசலின் தடவுவதும் உதவும்.

பையின் உடலோடு ஒட்டும் பக்கம் வலைத்துணியாக, காற்றுப் புகக்கூடியதாக இருந்தால் வேர்க்குரு குறையும். என்னுடைய பையில் அந்தப் பக்கம் வெறும் நைலோனாக இருந்ததால், மருதமுனைக் கைத்தறித் துணித்துண்டு ஒன்றை இரட்டையாக மடித்துத் தையல்காரரைக் கொண்டு தைத்துக்கொண்டேன். வியர்வையை அது நன்றாக உறிஞ்சுகிறது. வெளித்துணியாக 210 டெனியர் (நூலின் கனத்தைக் குறிக்கும் அளவு) நைலோன் ஓட்டத்துக்கும், முட்பற்றைகளில் உரசிச் செல்ல வேண்டிய நடைக்கு 500 டெனியர் கோர்டுரா என்னும் உறுதியான துணியும் ஏற்றவை. உட்புறம் பூசப்பட்ட நீர்காப்புப் பூச்சை விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அந்தப் பை நெடுநாள் வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து பூச்சு சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நமது கரையோர உப்புக்காற்றில் உலோகப் பல் சிப் விரைவில் துருப்பிடித்து இறுகிவிடும். நைலோன் சுருள் சிப் துருப்பிடிப்பதில்லை; ஆனால் அதன் இழுப்பான் உலோகமாக இருப்பதால் அதையும் கவனிக்க வேண்டும்.

பையினுள் எதை வைப்பது என்பதில் கடுமையாக இருங்கள். என் பையில் முன்னறையில் ஜீவனிப் பொட்டலம் இரண்டு, சிறு ரோச் லைற், காயக்கட்டுத் துணி, சிறு பொலித்தீன் உறையில் அடையாள அட்டை ஆகியவை இருக்கும். பின்னறையில் கைத்தொலைபேசி தட்டையாக மார்போடு ஒட்டி இருக்கும். பாரமான பொருள் உடலுக்கு அருகிலும் இலகுவானது வெளியிலும் இருந்தால் பை ஆடாது. ஜீவனியைப் பற்றி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பொட்டலம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு உரியது. அவசரத்தில் முழுப் பொட்டலத்தையும் அரை லீற்றர் போத்தலில் கரைத்தால் உப்பின் செறிவு இரட்டிப்பாகிப் பாதகமாக முடியும். ஆகவே முதுகுப்பையின் பக்கத்தில் ஒரு லீற்றர் போத்தல் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நீரிழிவு நோயுள்ளவர்கள் குளுக்கோசை நெஞ்சுப்பையில் வைப்பது நல்லது, ஆனால் இன்சுலினை அங்கே வைக்கக் கூடாது. வெயிலும் உடல்வெப்பமும் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களின் இன்ஹேலருக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை. உலோகப் போத்தல், கத்தி, பெரிய பவர் பாங்க் போன்ற கடினமான எதையும் மார்பில் வைக்க வேண்டாம். முன்புறமாக விழுந்தால் விலா எலும்பில் முதலில் படுவது அதுதான். வாழைப்பழம் முதலிய மணமுள்ள உணவும் வேண்டாம். குரங்கு பையைப் பறிக்க வரும். யானையோ வெகு தொலைவிலிருந்தே மணத்தை அறியும்.

விடியற்காலையில் கல்லடிப் பாலத்திலும் கடற்கரை வீதியிலும் ஓடுபவர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. தொலைபேசி, வீட்டுச் சாவி, சிறிது பணம் ஆகியவை கொள்ளும் அரை லீற்றர்த் தட்டைப்பை போதும். சாவி குலுங்கும் ஓசையே ஓட்டத்தில் எரிச்சலூட்டும் என்பதால், சாவியைக் கைக்குட்டையில் சுற்றி வைக்க ஒரு சிற்றறை இருக்கிறதா என்று பாருங்கள். இருட்டில் ஓடுபவர் என்றால் பையின் முன்புறம் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டி இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் வெறும் பையை அணிந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியவராது. அரைக் கிலோ அரிசியைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்; கடைக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் எவரும் மறுப்பதில்லை. அரிசியையும் தொலைபேசியையும் பையில் வைத்து வார்களைச் சரிசெய்துகொண்டு, நின்ற இடத்தில் இருபது தடவை குதியுங்கள். பை முகவாயை நோக்கி எழும்பினால் பக்கவார் போதாது. இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், குனிந்து தரையைத் தொடுங்கள், பிறகு கண்ணை மூடிக்கொண்டு முதலில் வலக் கையாலும் அடுத்து இடக் கையாலும் சிப்பைத் திறந்து தொலைபேசியை எடுங்கள். இருட்டில் செய்யக்கூடியதாக இருந்தால்தான் காட்டிலும் செய்ய முடியும். வாங்கிய பின், உண்மையான முதுகுச்சுமையோடு இரண்டு மணி நேரமாவது வெயிலில் நடந்து பார்த்த பிறகே யாத்திரைக்குக் கொண்டுசெல்லுங்கள். தோலில் சிவந்த தடம் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்து வாரின் இடத்தை மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும் பையை நல்ல தண்ணீரில் அலசி, வியர்வையுப்பும் கடலுப்பும் போகும்வரை பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். சலவை இயந்திரத்திலும் சுடுநீரிலும் போட்டால் உட்பூச்சு உரிந்துவிடும். உலர்ந்த பின் சிப்பின் பற்களில் மெழுகுதிரியை ஒரு தடவை தேய்த்து, இழுப்பானை மேலும் கீழும் சில முறை ஓட்டி, சிப்பைத் திறந்தபடியே விட்டுப் பையைக் காற்றுப் படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.