சி23 தரமும் பழைய நூலகங்களும்: ஹெடர் கோப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி நிரல்மொழியில் நூலகம் (பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்பு) எழுதுவோர் பலர், சி23 போன்ற புதிய தரம் (மொழியின் விதித்தொகுப்பு) வந்தாலும் பழைய தரத்திலேயே கம்பைல் செய்துகொண்டால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள். மூலக் கோப்புகளுக்கு இது பெரும்பாலும் சரி. நூலகத்தின் செயற்கூறுகளையும் வகைகளையும் அறிவிக்கும் ஹெடர் கோப்புகளுக்குச் சரியன்று. ஹெடரைப் படிப்பது நூலகத்தைப் பயன்படுத்துபவரின் கம்பைலர் (நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் மென்பொருள்); அதன் தரத்தை முடிவுசெய்பவரும் அவரே. 2025இல் வெளிவந்த ஜிசிசி 15 கம்பைலர், தரம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஜிஎன்யூ நீட்சிகளுடன் (ஜிஎன்யூ திட்டம் சேர்த்த கூடுதல் வசதிகள்) சி23ஐயே எடுத்துக்கொள்வதால், எச்சரிக்கையின்றிக் கம்பைல் ஆகிவந்த ஹெடர்கள் பல இப்போது பிழை தருகின்றன.

அவற்றுள் அடிக்கடி தென்படுவது வெற்று அடைப்புக்குறி. முன்பு ஒரு செயற்கூற்றின் பெயரை அடுத்து அடைப்புக்குறியைக் காலியாக விட்டால், அளபுருக்கள் (செயற்கூறு ஏற்கும் மதிப்புகள்) குறிப்பிடப்படவில்லை என்று பொருள். சி23இல் அளபுருவே கிடையாது என்று பொருள். இதனால் கால்பேக் சுட்டிகளை (நூலகம் பின்னர் அழைக்கவேண்டிய செயற்கூற்றைக் குறிப்பவை) இவ்வாறு அறிவித்த நூலகங்கள் தடுமாறுகின்றன. வகைமாற்றம் செய்து பிழையை மறைப்பவர்களும் உண்டு. பொருந்தாத வகை வழியாகச் செயற்கூற்றை அழைப்பது எந்தத் தரத்திலும் வரையறுக்கப்படாத நடத்தை என்பதால், அது தீர்வாகாது. அளபுருக்களை முழுமையாக எழுதுங்கள். அளபுரு எதுவும் இல்லாவிட்டால், அடைப்புக்குறிக்குள் ‘வாய்ட்’ என்று குறியுங்கள். 1989ஆம் ஆண்டுத் தரம் முதல் எல்லாவற்றிலும் இது செல்லும். அளபுருக்களின் வகைகளை அடைப்புக்குறிக்கு வெளியே எழுதும் பழைய கே அண்ட் ஆர் பாணி வரையறைகளையும் சி23 நீக்கிவிட்டது. தரவைச் சுருக்க உதவும் இசட்லிப் நூலகம் 2023 ஆகஸ்ட்டில் வந்த 1.3 பதிப்பிலேயே அவற்றைக் கைவிட்டது.

மெய், பொய் மதிப்புகளுக்கான ‘பூல்’ என்ற பெயர் இதைவிட ஆபத்தானது. அப்பெயரை ‘இன்ட்’ என்ற முழு எண் வகைக்குச் சூட்டிய ஹெடர்கள், சி23இல் அது மொழியே ஒதுக்கிக்கொண்ட சிறப்புச்சொல் ஆனதால் கம்பைல் ஆவதில்லை. உடனே தோன்றும் திருத்தம், புதிய தரத்தில் மட்டும் அந்த வரியை நிபந்தனையிட்டு விலக்குவது. கம்பைலர் அமைதியாகிவிடும்; ஆனால் பொதுவான இயங்குதளங்களில் நூலகத்தின் பைனரியில் (கம்பைல் செய்து கிடைத்த கோப்பு) 4 பைட்டாக இருக்கும் கட்டமைப்பு உறுப்பைப் பயனரின் நிரல் 1 பைட்டாகக் கருதும், அடுத்த உறுப்புகளின் இடமும் பிறழக்கூடும். நூலகம் 256 என்று திருப்பி அனுப்பினால், அழைத்த நிரல் மிகக் கீழ்மதிப்பு பைட்டை மட்டும் பார்த்துப் ‘பொய்’ என்று கொள்ளலாம். நூலக முன்னொட்டுடன் சொந்த வகைப்பெயர் ஒன்றை வைத்து, அதன் அளவை எல்லாத் தரத்திலும் ஒன்றாகவே வைத்திருப்பதே முறை.

தரத்தைச் சோதிக்கும் நிபந்தனையிலும் ஒரு வழுக்கல் உண்டு. கம்பைலர் எந்தத் தரத்தில் இயங்குகிறது என்று காட்டும் தர எண், சி23க்கு 202311. ஆனால் அத்தரத்துக்கு முன்னோட்ட ஆதரவு தந்த கம்பைலர்கள் 202000 என்ற இடைக்கால எண்ணைக் காட்டின. சரிசமமா என்று சோதிக்காமல், முந்தைய தரமான சி17இன் எண்ணாகிய 201710ஐவிடப் பெரியதா என்று கேட்பது பாதுகாப்பானது.

பழைய தரத்தில் கம்பைல் செய்தும் தப்பாத இடம் ஒன்று இருக்கிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.38 பதிப்பு முதல், ஜிஎன்யூ நீட்சிகளை முழுவதும் இயக்கும் மேக்ரோவை வரையறுத்தால், சரத்தை முழு எண்ணாக்கும் ‘ஸ்டிர்டோல்’ செயற்கூறு சி23 வடிவத்துக்குத் திருப்பப்படுகிறது. அடிமானம் 0 அல்லது 2 ஆக இருக்கும்போது, சுழியமும் ‘பி’ எழுத்தும் முன்வரும் இரும எண்ணை முன்பு வெறும் சுழியமாக வாசித்தது, இப்போது அதன் முழு மதிப்புடன் வாசிக்கும். அப்படிக் கட்டிய பைனரி பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் ஏற்றப்படுவதுமில்லை. ஆகவே வெளியீட்டுக்கான பைனரியை, ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய ஜிலிப்சியிலேயே கட்டுங்கள்; ஹெடரை மட்டும் உள்ளிடும் ஒற்றை வரிக் கோப்பை, ஆதரிப்பதாகச் சொல்லும் ஒவ்வொரு தரத்திலும், சி++ கம்பைலரிலும் தனித்தனியே ஓட்டிப் பாருங்கள்.